கதவு சாத்தாத சின்னம்மா

அவர் பெயரை எங்கள் வீட்டில் யாரும் சொல்லக் கூடாது என்பது என் மாமனார் போட்ட உத்தரவு. அது இன்றுவரை ரத்தாகவில்லை. ஆகவே பெயரைச் சொல்லாமலேயே அவரைப் பற்றி எழுதப்போகிறேன். மருமகள் எவ்வளவு அடக்க ஒடுக்கமானவள் என்பதை இதை வைத்தே ஊர் தெரிந்துகொள்ளட்டும்.

அவர் மாமனாரின் உடன்பிறந்த தங்கை. என் கணவருக்கு அத்தை, எனக்குச் சின்னம்மா முறை. நாங்கள் இருப்பது ராஜபாளையத்தில். அவர் ஸ்ரீவில்லிபுத்தூரில், தேரடிக்குப் பின்னால் ஒரு தெருவில் தனியாக இருந்தார். மகளிர் போலீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது ஓசூரில் மகள் வீட்டில் இருக்கிறார். அது அடுக்குமாடி வீடாம். எந்நேரமும் வாசல் கதவைத் திறந்தே போட்டிருக்கிறார் என்று அக்கம்பக்கத்தில் புகார் சொல்கிறார்களாம். புகார் வராமல் இருந்தால்தான் எனக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும்.

சின்னம்மாவுக்குச் சாத்திய கதவு ஆகாது. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் உட்காருவதற்கு முன்னால் ஜன்னலைத் திறப்பார். பாதி சாத்தியிருக்கும் அறைக்கதவைச் சுவரோடு சுவராகத் தள்ளுவார். திரைச்சீலையைச் சுருட்டி ஜன்னல் கம்பிக்குள் செருகுவார். “விடிஞ்சு எம்புட்டு நேரமாச்சு, இன்னும் உள்ள என்னத்தக் காவல் காக்குதிய?” என்று கேட்டுக்கொண்டே அடுப்படிக்குப் போய்ச் சட்டிகளின் மூடிகளையும் தூக்கிப் பார்ப்பார். அவர் வந்து போனால் வீட்டைப் பழையபடி சாத்தி வைக்கவே தனியாக ஒரு ஆள் வேண்டும் என்பாள் என் மாமியார்.

பேச்சும் அதே மாதிரிதான். அவருடைய கணவர் அவரை விட்டுவிட்டுப் போனவர். அது எல்லோருக்கும் தெரியும், தெரியாத மாதிரி விசாரிப்பதில்தான் நம் ஆட்களுக்கு ருசி. ஒரு ஆடிப்பூரத் தேரோட்டத்தன்று, நானும் பக்கத்தில் நிற்கிறேன், தூரத்துச் சொந்தக்காரி ஒருத்தி வந்து, “வீட்டுக்காரவுக வரலையா?” என்று இழுத்தாள். சின்னம்மா குரலைக் கொஞ்சமும் தாழ்த்தவில்லை.

“அவிய என்னைய விட்டுட்டுப் போயி ரொம்ப வருசமாச்சு. தெரியாமக் கேட்டிருந்தா இப்பத் தெரிஞ்சுக்கிடுங்க. தெரிஞ்சே கேட்டிருந்தா, அதான் கேட்டாச்சுல்லா, நகருங்க, தேர் வருது.”

என் கல்யாணத்தன்றும் இப்படித்தான். மணப்பெண் அறைக்குள் வந்து கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, என் அம்மாவின் முன்னாலேயே சொன்னார். “ஏட்டி, ஒன் மாப்பிள்ளைக்கு லீவு நீ நெனைக்கிற மாதிரி இல்ல. மறுவீடு முடிஞ்சதும் பட்டாளத்துக்குக் கெளம்பிருவான். எங்க ஆளுக ஒங்க வீட்டுல சொல்லிருக்க மாட்டாக. தெரிஞ்சே கழுத்த நீட்டு.” அம்மா அழுதாள், நான் கண்மை கலையக் கலைய முறைத்தேன். மணமேடையில் உட்காரும்வரை இந்தப் பொம்பளையின் முகத்தில் இனி முழிக்கக் கூடாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் கணவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய அன்று என் பக்கத்துச் சொந்தக்காரர்கள் எல்லாம் திகைத்து நின்றார்கள், நான் திகைக்கவில்லை.

அவரைப் பெரிய தியாகி ஆக்க நான் வரவில்லை. அவர் வாயால் நொந்தவர்களும் உண்டு. மாமியாருக்குச் சர்க்கரை வியாதி. ஊசி போட்டுக்கொள்வது சொந்தக்காரர்களுக்குத் தெரியக் கூடாது என்று மருந்தைத் துணி அலமாரிக்குள் ஒளித்து வைத்திருந்தாள். ஒரு நிச்சயதார்த்தப் பந்தியில் சின்னம்மா அவள் இலையிலிருந்து கேசரியை எடுத்துக்கொண்டு, “காலையில ஊசி போட்டுட்டுக் கேசரியா மதினி?” என்று கேட்டார். பந்தி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மாமியார் அன்று சாப்பிடாமல் எழுந்தாள். இதில் சின்னம்மா பக்கம் நியாயம் இருக்கிறதா என்று கேட்டால் எனக்கு இன்றும் பதில் தெரியாது.

ஏன் இப்படி இருக்கிறீர்கள் என்று ஒருமுறை நேராகவே கேட்டேன். ஏதாவது பழைய கதை வரும் என்று எதிர்பார்த்தேன். “கதவ எதுக்குட்டி மாட்டுதாக? தொறக்கத்தான. சாத்தணும்னா சுவராவே கட்டிருக்கலாம்லா?” என்றார். அவ்வளவுதான் அவருடைய தத்துவம்.

இனி என் மகனின் கதைக்கு வருகிறேன்.

கவினுக்கு அப்போது இரண்டரை வயது. ஒன்றரை வயதில் பால், காக்கா, ம்மா என்று சொல்லிக்கொண்டிருந்தவன் ஒவ்வொன்றாக விட்டுவிட்டான். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். ஏதாவது வேண்டுமென்றால் கரண்டியை எடுப்பது போல என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அந்தப் பொருளின் மேல் என் கையை வைப்பான். அப்போதும் என் முகத்தைப் பார்க்க மாட்டான். மில் சங்கு ஊதினால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் போய் ஒடுங்கிக்கொள்வான்.

வீட்டுக்குள் இருந்தால் சட்டி மூடிகளைச் சுற்றி விட்டுக்கொண்டிருப்பான். ஆனால் எல்லாவற்றையும்விட அவனுக்குப் பிடித்தது எங்கள் வாசல் கேட். இடுப்பளவு உயர இரும்புக் கம்பிக் கேட். அதன் தாழ்ப்பாளை இழுப்பான், கேட்டைத் திறப்பான், சாத்துவான், தாழ்ப்பாளைத் தள்ளுவான், மறுபடி இழுப்பான். காலைச் சாப்பாடு முடிந்தால் மத்தியானம் வரை இதே வேலை. தடுத்தால் தரையில் தலையை முட்டிக்கொண்டு அழுவான். தெருவில் போகிறவர்கள், “கேட்டுக்கு வாட்ச்மேன் போட்டாச்சா?” என்று கேலி பேசுவார்கள். எனக்குச் சிரிப்பு வராது.

“இவன் அப்பனும் நாலு வயசுலதான் பேசினான். இன்னைக்கு பார்டர்ல துப்பாக்கியோட நிக்கான்” என்பார் மாமனார். அய்யனார் கோவிலில் மொட்டை போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பாள் மாமியார். மொட்டையும் போட்டோம். முடி வளர்ந்தது, பேச்சு வரவில்லை.

ஒரு காய்ச்சலுக்குக் காட்டப் போனபோது குழந்தைகள் டாக்டர் மருந்து எழுதாமல் அவனையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டிசமா என்று பரிசோதித்துப் பார்த்துவிடுவது நல்லது, அப்படி இருந்தால் எவ்வளவு சீக்கிரம் பயிற்சி தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, தள்ளி மட்டும் போடாதீர்கள் என்றார். பஸ் ஏறினாலே கவின் கத்திக் கத்தி வாந்தி எடுப்பான், வெளியூர் எப்படிக் கூட்டிப்போவது என்று கேட்டேன். போகவே வேண்டாம், சென்னையில் இதற்கென்றே இருக்கிற டாக்டர் வீடியோவில் வீட்டிலேயே பார்ப்பார், பிள்ளை அவன் இடத்தில் இருக்கும்போது பார்ப்பதும் நல்லதுதான் என்றார்.

அதுவரை எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டி மறுத்த மாமனார் இதற்கு மட்டும் உடனே சம்மதித்தார். காரணம் அடுத்த கேள்வியில் தெரிந்தது.

“வீட்டுக்குள்ளயே முடிஞ்சிரும்லா? வெளிய ஒரு பயலுக்கும் தெரியாதுல்லா?”

என் நாத்தனாருக்கு அப்போது ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஒரு வரன் ஏறக்குறைய முடிவாகியிருந்தது. அண்ணன் பிள்ளைக்குக் குறை என்று மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் வம்சத்தையே இழுத்துப் பேசுவார்கள். ஆஸ்பத்திரி வாசலில் நாலு பேர் பார்ப்பார்கள், கதவைச் சாத்திய வீட்டுக்குள் யார் பார்ப்பார்கள்? இதுதான் அவர் கணக்கு.

டாக்டர் பெண். சின்ன வயது, நிதானமான பேச்சு. முன்கூட்டியே என் கணவர் வழியாக எனக்குச் சொல்லியிருந்தார்: வீட்டை எதுவும் மாற்ற வேண்டாம், அவன் எப்போதும் விளையாடுவதை வைத்தே விளையாடட்டும், போனைத் தரை தெரிகிற மாதிரி வைத்துவிட்டு நீங்கள் அவனோடு உட்காருங்கள், நான் சொல்கிறபடி நீங்கள் செய்தால் போதும், நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

எங்கள் வீட்டிலோ பெண் பார்க்க வருகிற மாதிரி ஏற்பாடு நடந்தது. ஒட்டடை அடித்தார்கள். கவினுக்குப் புதுச் சட்டை, படிய வாரிய தலை, கன்னத்தில் பொட்டு. அவன் சுற்றி விடுகிற சட்டி மூடிகளெல்லாம் பரணுக்குப் போய்விட்டன. விலைச்சீட்டுகூடக் கிழிக்காத பொம்மைகள் வரிசையாக உட்கார்ந்தன. வாசல் கதவைச் சாத்தித் தாழ் போட்டு, ஜன்னலையும் மூடினார்கள். ஸ்டூலில் ஒரு டின்னை வைத்து அதில் போனைச் சாய்த்து நிறுத்தினார்கள். போனில் ஒரு கட்டத்தில் டாக்டர், இன்னொரு கட்டத்தில் முகாமிலிருந்து என் கணவர்.

போனுக்குப் பின்னால்தான் விசேஷம். அங்கே மாமனார் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார், கையில் தோப்பு மோட்டார் ரூம் சாவிக்கொத்து. பக்கத்தில் மாமியார், கையில் பால்கோவா டப்பாவும் கரண்டியும்.

“அம்மா, அவன் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க” என்றார் டாக்டர்.

“கவின்” என்றேன். அதே நொடியில் மாமனார் சாவிக்கொத்தை ஒரு விரலில் கோத்துச் சத்தம் வராமல் ஆட்டினார். பளபளவென்று ஆடும் எதைக் கண்டாலும் கவினின் கண் அங்கேதான் போகும். தலையைத் தூக்கினான். அடுத்து, எதையாவது கை நீட்டிக் காட்டுங்கள், அவன் பார்க்கிறானா பார்ப்போம் என்றார். நான் சுவர்க் காலண்டரைக் காட்டுவதற்குள் மாமியார் படத்தில் விழாமல் குனிந்தே போய்க் காலண்டருக்குக் கீழே பால்கோவாக் கரண்டியைத் தூக்கிப் பிடித்தாள். அதற்கும் திரும்பினான். முகாமிலிருந்து கணவர் சிரித்தார்.

டாக்டர் அன்று முடிவு எதுவும் சொல்லவில்லை. இன்னொரு தடவை பார்க்க வேண்டும், அடுத்த வாரம் வருகிறேன் என்று மட்டும் சொன்னார். எங்கள் வீட்டில் அதைப் பாஸ் என்று எடுத்துக்கொண்டு மீதிப் பால்கோவாவைச் சாப்பிட்டார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. “டாக்டர ஏமாத்துனா நஷ்டம் டாக்டருக்கா மாமா?” என்றேன்.

“யாரு ஏமாத்துனா? பரீட்சைக்குப் போற பிள்ளைக்குச் சொல்லிக் குடுக்கதில்லையா?” என்றார். அவர் அதை நம்பித்தான் சொன்னார். பேரன் தோற்றுவிடக் கூடாது என்பது தவிர அவர் மனதில் வேறு எதுவும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபமாக இருந்தது.

டாக்டரிடம் நானே சொல்லிவிடலாம் என்றால் எல்லாத் தொடர்பும் கணவரின் நம்பர் வழியாக. அவரிடம் கேட்டேன். “அப்பா மனசு நோகப்பிடாது, விடு” என்றார். அந்த டாக்டர், பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அப்புறம் அந்த வீட்டில் நான் வாயே திறக்க முடியாது. என் மகன் அந்தக் கேட்டோடு நின்றுவிடுவான். துணி காயப்போடுகிற சாக்கில் மொட்டை மாடிக்குப் போய்ச் சின்னம்மாவுக்குப் போன் போட்டேன். சாவிக்கொத்து, பால்கோவா, பரண், எல்லாவற்றையும் கொட்டினேன்.

ஆறுதலாக ஒரு வார்த்தை கிடையாது. “அடுத்து எந்தக் கெழம? எத்தன மணிக்கு?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

அந்த நாளும் வந்தது. அதே சாத்திய கதவு, அதே டின், அதே ஏற்பாடு. கவினுக்கு மட்டும் புதுச் சட்டையில் இருப்புக்கொள்ளவில்லை. கதவில் போய் மோதி மோதி அழுதுகொண்டிருந்தான், கேட்டுக்குப் போக வேண்டும் அவனுக்கு. மாமனார் சாவியை ஆட்டி ஆட்டிப் பார்க்கிறார், எடுபடவில்லை. அப்போது வெளியிலிருந்து கதவு தட்டப்பட்டது.

மாமனார் உதட்டில் விரலை வைத்து எங்கள் எல்லோரையும் அடக்கினார்.

“நாந்தான். தொறங்க” என்றது குரல். நாங்கள் மூச்சு விடவில்லை. “உள்ள ஆள் இருக்கது தெரியும். செருப்பு அம்புட்டும் வாசல்ல கெடக்கு.”

“யாரோ தட்டுறாங்க போலிருக்கே, போய்ப் பாருங்கம்மா” என்றார் டாக்டர்.

மாமனார் என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினார். நான் எழுந்து போய்த் தாழை இழுத்துக் கதவைத் திறந்தேன். அந்த வீட்டில் நான் அவர் சொல்லை மீறியது அதுதான் முதல் தடவை, மீறுவது அவ்வளவு சுலபம் என்று தெரிந்திருந்தால் எப்போதோ மீறியிருப்பேன்.

வெளிச்சம் உள்ளே விழுந்தது. கவின் சின்னம்மாவின் கால்களுக்கு நடுவில் புகுந்து கேட்டுக்கு ஓடிவிட்டான். சின்னம்மா நிலைப்படியில் நின்று அறையை ஒரு சுற்றுப் பார்த்தார், வேலையில் இருந்தபோது எத்தனை அறைகளை அப்படிப் பார்த்திருப்பாரோ. விலைச்சீட்டோடு பொம்மைகள், குத்துக்காலிட்ட அண்ணன், கரண்டியோடு மதினி. நேராகப் போய் ஸ்டூலிலிருந்து போனை எடுத்தார்.

“டாக்டரம்மா, வணக்கம். நான் இந்தப் பையனுக்கு ஆச்சி மொறை. இதுவரைக்கும் ஒரு பக்கத்தத்தான் ஒங்களுக்குக் காட்டிருக்காக. இந்தா, மறுபக்கத்தையும் பாருங்க.” போனைத் திருப்பிவிட்டார். “இது எங்க அண்ணன். கையில இருக்கது மோட்டார் ரூம் சாவி. பிள்ளை பேருக்குத் திரும்பல, சாவிக்குத் திரும்புதான். இது எங்க மதினி. கையில பால்கோவா. மூஞ்சிய மூடாதிய மதினி, டாக்டரம்மா கேஸ் ஒண்ணும் போட மாட்டாக.”

“ஏட்டி! போனக் கீழ வையி!” என்று மாமனார் எழுந்து பாய்ந்தார்.

“வைக்கேன். வாசல்ல கொண்டு போய் வைக்கேன்.”

“அத்தை, அத்தை, ஒரு நிமிசம்” என்று முகாமிலிருந்து என் கணவர் பதறினார்.

“நீ செத்த நேரம் சும்மா இருலே. ஒன் பிள்ளையத்தான் பாக்காக, நீயும் பாரு.”

அவர் போனை வாசலுக்குக் கொண்டுபோய்க் கேட் முழுதாகத் தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டு நின்றார். சத்தம் கேட்டு எதிர்வீட்டுத் தெலுங்குக்கார அம்மா வெளியே வந்துவிட்டார். குழாயடியில் நின்றவர்கள் குடத்தை இறக்கிவிட்டுத் திரும்பினார்கள். தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. கவினுக்குத் தெருவும் தெரியவில்லை, போனும் தெரியவில்லை. தாழ்ப்பாள் டக்கென்று போனது, டக்கென்று வந்தது.

 டாக்டர், “போன தடவையே எனக்கு ஒரு சந்தேகம். அவன் கண்ணு அம்மா பக்கம் வரவே இல்ல, போனுக்கு மேலேயே போச்சு. அதான் இன்னொரு தடவை பாக்கணும்னு சொன்னேன்” என்றார். குரலில் கோபம் இல்லை. “அவனை அவன் இஷ்டத்துக்கு விடுங்க. அம்மா, இப்ப நீங்க கூப்பிடுங்க.”

“கவின்” என்றேன். டக். “கவின்.” டக். இன்னும் சத்தமாக, “கவின்!” குழாயடியில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் மகன் திரும்பவில்லை.

எனக்கு அழுகை வந்தது. ஆனால் நெஞ்சிலிருந்து ஒரு பாரமும் இறங்கியது. இத்தனை மாதமாக நான் மட்டும் பார்த்துக்கொண்டிருந்ததை முதல் தடவையாக இன்னொருவரும் பார்த்தார்.

அன்றும் அதற்கடுத்த சந்திப்பிலும் பொறுமையாகப் பார்த்துவிட்டு டாக்டர் ஆட்டிசம் என்று சொன்னார். இது யார் செய்த தப்பும் இல்லை, வளர்ப்பினால் வருவதும் இல்லை என்று மாமனாருக்கும் கேட்கும்படி சொன்னார். பக்கத்து ஊரில் பயிற்சி கொடுக்கிற இடத்தைச் சொன்னார். வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்றால், அந்தக் கேட்டை வைத்தே தொடங்கச் சொன்னார். அவன் கேட்டைத் திறக்கும்போது பாதியில் மெதுவாகப் பிடித்துக்கொண்டு காத்திருங்கள், அழவிடாதீர்கள், அதட்டாதீர்கள், அவன் உங்கள் பக்கம் ஒரு பார்வை பார்த்தால் போதும், உடனே விட்டுவிடுங்கள் என்றார். அவனுக்குப் பிடித்த வாசல் வழியாகவே நாம் உள்ளே போகலாம் என்று அவர் சொன்னதைக் கேட்டு, அன்றும் வந்திருந்த சின்னம்மா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார்.

குழாயடிச் செய்தி ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச்சேர எவ்வளவு நேரம் பிடிக்கும்? மாப்பிள்ளை வீட்டார் ஜாதகத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாமனார் தங்கையைக் கூப்பிட்டு, “இனி என் வாசல மிதிக்காத. ஒன் பேரு இந்த வீட்டுல யார் வாயிலயும் வரக் கூடாது” என்றார். நாத்தனார் அழுது அழுது முகம் வீங்கிக் கிடந்தாள். “என் வாழ்க்கையில ஏன் மண் அள்ளிப் போட்டிய?” என்று சின்னம்மாவிடம் போனில் கத்தினாள்.

சின்னம்மா மன்னிப்புக் கேட்கவில்லை. “மூடி வச்சுக் கட்டிக் குடுத்திருந்தா, பொறவு காலம் பூரா நீ அங்க கதவச் சாத்திக்கிட்டே இருக்கணும். அது ஒனக்கு வேண்டாம்” என்றார். நாத்தனாருக்கு அப்போது வேண்டியது நியாயம் இல்லை, அந்த மாப்பிள்ளை. அவரை அவளுக்குப் பிடித்திருந்தது. பின்னால் எல்லாம் தெரிந்து வந்த வேறொருவரைக் கட்டிக்கொண்டு நன்றாக இருக்கிறாள், ஆனாலும் சின்னம்மாவோடு இன்றுவரை பேசவில்லை. அவளை நான் குறை சொல்ல மாட்டேன்.

உத்தரவு போட்ட அடுத்த ஞாயிற்றுக்கிழமை சின்னம்மா ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்து எங்கள் கேட்டுக்கு வெளியே நின்றார். உள்ளே ஒரு அடி வைக்கவில்லை.

“வாசல மிதிக்கக் கூடாதுன்னுதான சொன்னாக? நான் தெருவுல நிக்கேன். தெரு முனிசிபாலிட்டியோடது” என்று உள்ளே கேட்கும்படி சொன்னார். மாமனார் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

அப்புறம் ஞாயிறு தவறாமல் வந்தார். கவின் உள்ளே, அவர் வெளியே, நடுவில் கேட். அவன் தாழ்ப்பாளை இழுத்துக் கேட்டைத் திறப்பான். அவர் பாதியில் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். அவன் முகத்தில் சிணுங்கல் தொடங்கினால் விட்டுவிடுவார், மறுபடி பிடிப்பார். உலகத்தில் எந்தக் கதவையும் பாதியில் விடாத பொம்பளை, அந்த ஒரு கேட்டை மட்டும் பாதியில் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார். எதிர்வீட்டு அம்மா, “கூர்ச்சோண்டி” என்று நாற்காலி கொண்டுவந்து போட்டார். போகிற வருகிறவர்கள், என்ன இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டால், “எங்க அண்ணன் பேரனுக்கு ஆட்டிசம். நானும் அவனும் படிக்கோம்” என்று பதில் வரும். உள்ளே மாமனாரின் பேப்பர் நடுங்கும். கேட்கக் கேட்க அந்த வார்த்தை எங்கள் தெருவில் சளி, காய்ச்சல் மாதிரி சாதாரண வார்த்தை ஆகிவிட்டது. அது எனக்குச் செய்த உபகாரத்தை எந்த ஆஸ்பத்திரியும் செய்திருக்க முடியாது.

வாரநாட்களில் நான் அதே வேலையைச் செய்தேன். பயிற்சிக்கும் கூட்டிப்போனேன். பஸ்ஸில் கத்தத்தான் செய்தான். கத்தட்டும் என்று உட்கார்ந்திருக்க நானும் பழகியிருந்தேன்.

ஒரு ஞாயிறு, மழை வருகிற மாதிரி மேற்கு மலை இருண்டிருந்தது. சின்னம்மா கேட்டைப் பாதியில் பிடித்துக்கொண்டிருந்தார். கவின் தாழ்ப்பாளைப் பார்த்தான், அவர் கையைப் பார்த்தான். பிறகு தலையை நிமிர்த்தி அவர் முகத்தைப் பார்த்தான். சாவி இல்லை, பால்கோவா இல்லை. அவனாகவே பார்த்தான், கண்ணோடு கண். சின்னம்மா கையை எடுத்தார். கேட் முழுக்கத் திறந்தது.

நான் நிலைப்படியில் நின்றிருந்தேன். என் பின்னால் மாமனார் வந்து நின்றது அப்போதுதான் தெரிந்தது. கவின் வெளியே போய்ச் சின்னம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான், உள்ளே.

“கவின்” என்று மாமனார் அதட்டினார். அவன் திரும்பவில்லை. “கவின், விடு.” திரும்பவில்லை. எங்கள் வீட்டில் அவர் சொல்லுக்குத் திரும்பாத ஆள் அவன் ஒருத்தன்தான். அவர் கை தன்னை அறியாமல் இடுப்புச் சாவிக்கொத்துக்குப் போனது.

“அண்ணே, ஆட்டாத” என்றார் சின்னம்மா. “அவனாத் திரும்பட்டும்.”

மாமனாரின் கை அப்படியே நின்றது. கவின் சின்னம்மாவை இழுத்துக்கொண்டு கேட்டுக்கு உள்ளே வந்தான். கேட்டைச் சாத்தினான். தாழ்ப்பாளைத் தள்ளினான். யார் வந்திருக்கிறார், யார் வரக் கூடாது என்பதெல்லாம் அவன் கணக்கில் இல்லை.

தூறல் விழத் தொடங்கியது. மாமனார் தங்கையின் முகத்தைப் பார்க்காமல் மலைப் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“காப்பி குடிச்சிட்டுப் போ.”

அப்போதும் பெயரைச் சொல்லவில்லை.